ஜபமா, மூச்சா, பாராயணமா, வகுப்பா? வடசென்னை வீட்டில் தொடங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

தினமும் கொஞ்ச நேரத்தைக் கடவுளுக்கென்றோ மனதுக்கென்றோ ஒதுக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அடுத்து வந்து திகைத்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: எதைத் தொடங்குவது? கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதா, மாலையை உருட்டி நாமம் சொல்வதா, கவசம் படிப்பதா, தெருமுனையில் பலகை வைத்திருக்கும் தியான வகுப்பில் சேர்வதா, ஒரேயடியாகப் பத்து நாள் முகாமுக்குப் போய்விடுவதா?

எது உயர்ந்தது என்று கேட்டால் ஒவ்வொரு மரபும் தன்னையே காட்டும். உங்கள் வீட்டில் எது நிலைக்கும் என்று கேட்டால்தான் தெளிவு வரும். தண்டையார்பேட்டையில் ஒரே அறையில் நான்கு பேர் படுத்து எழும் வீட்டுக்கும், கொளத்தூரில் மாடியில் தனி அறை உள்ள வீட்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான வடசென்னை வீடுகளில் புதிதாகத் தொடங்குபவருக்கு உதடு மட்டும் அசையும் ஜபம், அதன் முடிவில் 5 நிமிட மௌனம், இதுவே முதல் தேர்வு. ஆனால் இது எல்லோருக்கும் அல்ல. யாருக்கு வேறு எது பொருந்தும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

## எதை வைத்து அளப்பது

நேரம். பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிவது. சென்னையில் அது ஜூன் மாதத்தில் ஏறக்குறைய 4.05 முதல் 4.55 வரை, ஜனவரியில் ஏறக்குறைய 5 முதல் 5.45 வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காசிமேட்டில் அது மீன் ஏலம் நடக்கும் நேரம். குழாயில் தண்ணீர் வரும் தெருக்களில் குடம் வரிசை கட்டும் நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டும் பெண்ணுக்கு 5 முதல் 8.30 வரை ஒரு நிமிடம்கூடச் சொந்தமில்லை. துறைமுகத்திலும் அனல் மின் நிலையத்திலும் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவருக்குக் கடிகார நேரம் எதுவுமே நிலையாகாது. ஆகவே முதல் கேள்வி, இந்த முறை குறிப்பிட்ட மணியைக் கேட்கிறதா, எந்த மணியிலும் நடக்குமா என்பது.

சத்தம். எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. மின்விசிறி, எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரி, கொருக்குப்பேட்டைப் பக்கம் கடக்கும் மின்ரயில் போன்ற பொருளில்லாத ஓசைகளை மனம் சில நாளில் விட்டுவிடும். பக்கத்து வீட்டு சீரியல் வசனத்தை விடாது. பேச்சில் பொருள் இருப்பதால் மனம் அதைப் பின்தொடர்ந்து போகும். ரயில் பாதையை ஒட்டிய வீட்டைவிட, மெல்லிய சுவருக்கு அப்பால் டிவி ஓடும் வீடு மௌனப் பயிற்சிக்குக் கடினம். இதை வீட்டில் உட்கார்ந்து ஒரு மாலை சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு முறையைத் தேர்ந்தெடுங்கள்.

உடம்பு. முழங்கால், இடுப்பு, ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு. தரையில் உட்கார முடியாதவருக்கு இது தடையல்ல, நாற்காலி போதும். ஆனால் ஊதுபத்தியும் சாம்பிராணியும் ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறையில் ஆஸ்துமாக்காரருக்கு உண்மையான தடை.

காசு. நுழைவுக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். போக்குவரத்து, போகும் நாள்களில் இழக்கும் கூலி, பூ, தேங்காய், அடுத்த நிலை வகுப்பு எல்லாம் சேரும்.

இடைவெளி. இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் மறுபடி உட்கார எளிதாக இருக்குமா? தொடங்கியவர்கள் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பல வீடுகளில் மாதவிடாய் நாள்களில் விளக்கேற்றுவதோ பூஜை அலமாரியைத் தொடுவதோ வழக்கமில்லை. அந்த வழக்கம் சரியா என்பது வேறு விவாதம். ஆனால் விளக்கையும் படத்தையும் நம்பிய பயிற்சி அந்த வீட்டில் மாதம் மூன்று நாளாவது அறுபடும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

| முறை | நாளுக்கு | சத்தம் தாங்குமா | கைக்காசு | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| ஜபம் | 8 முதல் 15 நிமிடம் | தாங்கும் | மாலை விலை மட்டும் | எண்ணிக்கை மோகம் |
| மூச்சைக் கவனித்தல் | 10 முதல் 20 நிமிடம் | கொஞ்சம் | இல்லை | வீட்டில் பிறர் அமைதி காக்க வேண்டியிருப்பது |
| பாராயணம் | 20 நிமிடமும் மேலும் | தாங்கும் | புத்தகம் | மனப்பாடமானதும் மனம் நழுவுவது |
| வகுப்பு, மையம் | 1 மணி நேரம் + பயணம் | அங்கே பிரச்சினை இல்லை | இலவசம் முதல் சில ஆயிரம் வரை | பயணம், அடுத்த நிலைகள் |
| பத்து நாள் முகாம் | முழு நாள் | அங்கே சத்தமே இல்லை | கட்டாயக் கட்டணம் இல்லை | 12 நாள் விடுப்பு |
| கோவில், தேவாலயம் | அரை மணி + பயணம் | கிழமையைப் பொறுத்தது | பூ, அர்ச்சனை | கூட்ட நாள்கள் |

## ஜபம்

இதற்கு அறை வேண்டாம், விளக்கு வேண்டாம், கண்ணைக்கூட மூட வேண்டாம். நாக்குக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் உள்ளே ஓடும் பேச்சு தானாகக் குறைகிறது. இதுதான் ஜபத்தின் இயக்கம். வெளியே டிவி ஓடினாலும் உங்கள் காதுக்குள் உங்கள் ஒலியே முன்னால் நிற்கும்.

சத்தமாகச் சொல்வது வாசிகம், உதடு அசைந்தும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதது உபாம்சு, மனதுக்குள் மட்டும் சொல்வது மானசம். மரபில் மானசத்துக்கே உயர்ந்த இடம். ஆனால் புதியவர் மானசத்தில் தொடங்கினால் மாலையின் பத்தாவது மணிக்குள் நாமம் போய் நாளைய கரண்ட் பில் வந்துவிடும். முதல் சில மாதங்களுக்கு உபாம்சு போதும். வாசிகம் ஒண்டிக்குடித்தனத்தில் எல்லோரையும் எழுப்பும்.

எந்த நாமம்? ஆபத்தில் உங்கள் வாயில் தானாக வருவது எதுவோ அது. முருகா, ஓம் நமசிவாய, ஓம் சக்தி, ராமா, எதுவானாலும் சரி. இணையத்தில் பார்த்த பீஜாட்சர (விதையெழுத்து) மந்திரங்களைத் தேடிப் போக வேண்டாம். அவை குருவிடம் உபதேசமாகப் பெற்றுச் சொல்லப்படுபவை. உபதேசம் தேவைப்படாத நாமங்களே ஒரு வாழ்நாளுக்குப் போதும்.

கணக்கு: ஒரு மூச்சு வெளிவிடும்போது ஒரு நாமம் என்று வைத்தால் ஒன்றுக்கு 4 விநாடி ஆகும். 108 முறைக்கு 7 நிமிடம் சொச்சம். மாலை இல்லாமலும் எண்ணலாம். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுப் போனால், விரலுக்கு மூன்று வீதம் ஒரு சுற்று 12. இடது கையில் சுற்றுகளை எண்ணி ஒன்பது வந்தால் 108. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கும் ரேஷன் வரிசையில் நிற்பவருக்கும் இது கைகொடுக்கும்.

மாலை வாங்குவதானால் மணிக்கு மணி முடிச்சுப் போட்டதாக வாங்குங்கள். முடிச்சில்லாமல் கோத்ததில் மணிகள் வழுக்கி இரண்டிரண்டாக நகரும், எண்ணிக்கை பிசகும், நூல் அறுந்தால் அத்தனையும் கட்டிலுக்கடியில் ஓடும். ஐந்து முக ருத்ராட்சமே பரவலாகக் கிடைப்பது. ஒரு முகம், பதினான்கு முகம் என்று விலை ஏற்றிச் சொல்வதை ஜபத்துக்காக வாங்க எந்தத் தேவையும் இல்லை. தனியாகத் தொங்கும் மேரு மணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்வது வழக்கம். நடுவிரல் மேல் மாலையை வைத்துக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும், சுட்டுவிரலை விலக்கி வைப்பார்கள்.

தவறுவது எங்கே? வேகத்தில். மூன்றாம் வாரத்தில் விரல் மட்டும் ஓடும், நாமம் தேய்ந்து ஒரு முனகலாகிவிடும். 108 முறையை 3 நிமிடத்தில் முடித்தால் அது நடந்துவிட்டது என்று பொருள். மருந்து எளிது: மூச்சோடு கட்டுங்கள், கடைசி எட்டு மணிகளை வேண்டுமென்றே மெதுவாக்குங்கள். இன்னொன்று எண்ணிக்கை மோகம். இன்று ஒரு மாலை, நாளை மூன்று, அடுத்த வாரம் பதினொன்று என்று ஏற்றியவர் ஒரு காய்ச்சலில் நின்றுவிட்டால் மறுபடி பதினொன்றுக்குத் திரும்ப மனம் வராது. ஒன்றுக்குத் திரும்பவும் வெட்கமாக இருக்கும். முதல் 48 நாளுக்கு ஒரே ஒரு மாலை.

மாலை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். கையை மடியில் வைத்து 5 நிமிடம் சும்மா இருங்கள். ஜபத்தால் அடங்கிய மனதுக்கு அந்த 5 நிமிடம் கிடைப்பது, நேரடியாக மௌனத்தில் உட்கார்ந்தவருக்கு 20 நிமிடத்தில் கிடைப்பதைவிட அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

ராயபுரத்திலும் பெரம்பூரிலும் கத்தோலிக்க வீடுகளில் இதே இடத்தில் ஜெபமாலை இருக்கிறது. முழு ஜெபமாலையில் மங்கள வார்த்தை ஜெபம் 53, கர்த்தர் கற்பித்த ஜெபம் 6. நிதானமாகச் சொன்னால் 15 முதல் 20 நிமிடம். திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி என்று தேவ இரகசியங்கள் (தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகள்) நாளுக்கு நாள் மாறுவதால் சலிப்பு குறைவு. ஒளியின் தேவ இரகசியங்கள் 2002-இல் சேர்ந்தவை, பழைய ஜெபப் புத்தகத்தில் இருக்காது. நேரமில்லாத நாளில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியை மட்டும் சொல்லலாம், அதற்கு 4 நிமிடம் போதும்.

முஸ்லிம் வீடுகளில் கேள்வியே வேறு. ஐவேளைத் தொழுகை கடமை. புதிதாகச் சேர்ப்பது இறைவனை நினைத்துச் சொல்லும் திக்ர்தான். தொழுத இடத்திலேயே அமர்ந்து சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என 100. நிதானமாகச் சொன்னால் 4 நிமிடத்துக்குள். நேரமும் இடமும் ஏற்கெனவே குறிக்கப்பட்டுவிட்டதால் இதைவிட எளிதாக நிலைக்கும் தொடக்கம் வேறெதிலும் இல்லை.

## மூச்சைக் கவனித்தல்

கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும், ஒரே வீட்டில் இரண்டு மதம் கலந்திருப்பவருக்கும், சடங்கு பிடிக்காதவருக்கும் நேரான வழி இது. காசு செலவில்லை. வீட்டில் அரை மணி அமைதி கிடைப்பவருக்கு ஜபத்தைவிட ஆழமாகப் போகும்.

உட்காரும் விதம் பாதி வேலை. போர்வையை மடித்து 3 அல்லது 4 அங்குல உயரம் ஆக்கி, அதன் முன்விளிம்பில் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிட உயரும், முதுகு தானாக நிமிரும். வெறும் தரையில் சம்மணமிட்டால் பத்து நிமிடத்தில் கூன் விழும், கால் மரத்துப்போகும். மரத்துப்போனால் காலை நீட்டுங்கள், வைராக்கியம் காட்ட வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலியில் நடு குழிந்திருக்கும், மடித்த துண்டு வைத்துச் சமப்படுத்துங்கள், பாதம் இரண்டும் தரையில் படியட்டும்.

கவனத்தை மூக்குத் துவாரத்தின் விளிம்பிலோ அடிவயிற்றிலோ ஓரிடத்தில் வையுங்கள். மூச்சு வெளியேறும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பத்து வரை, பிறகு மறுபடி ஒன்று. எண் தவறினால் ஒன்றிலிருந்து. ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 18 முறை மூச்சு விடுகிறார், ஆகவே பத்து நிமிடத்தில் 12 முதல் 18 சுற்று வரும். மூன்று சுற்றுதான் தவறாமல் முடிந்தது என்றாலும் குறையில்லை.

பிசகுவது பெரும்பாலும் மூன்று வகை. மூச்சைக் கவனிக்கச் சொன்னால் இழுத்து விடத் தொடங்குவார்கள், நெஞ்சு இறுகும், தலை கனக்கும். அப்போது கவனத்தை வயிற்றுக்கு இறக்கினால் சரியாகும். புருவ நடுவை முறைத்துப் பார்ப்பவருக்குக் கண் தசை இழுபட்டு நெற்றி வலிக்கும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் உட்கார்ந்தவருக்கு உறக்கம் வரும். இரவு 5 மணி நேரமே தூங்குபவருக்கு எப்போது உட்கார்ந்தாலும் வரும், அவருக்குத் தேவை முதலில் தூக்கம்.

நான்காம் நாளிலிருந்து ‘முன்னைவிட மனசு மோசமாயிடுச்சு’ என்று தோன்றும். அது மோசமாகவில்லை, இதுவரை கவனிக்காத இரைச்சல் இப்போது கேட்கிறது. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஊருக்கென்றே உள்ள தொல்லைகளும் உண்டு. பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கொடுங்கையூர் கால்வாய் ஓரத்து வீடுகளில் மாலை 6 முதல் 7.30 வரை கொசு உட்கார விடாது. விளக்கு வைக்கும் நேரம் என்று அந்த நேரத்தைத் தேர்ந்தவர்கள் பாதியில் எழுந்துவிடுவார்கள். விசிறிக்கு நேர்கீழே உட்காருங்கள், அல்லது இரவு 9 மணிக்கு மாற்றுங்கள். கொசுவர்த்தி கொளுத்திவிட்டு மூச்சுப் பயிற்சி செய்வதில் பொருளில்லை. மணலி, எண்ணூர் பக்கம் கெட்ட வாடை இறங்கும் இரவுகளிலும், மார்கழி, தை விடியலில் காற்றசையாமல் புகை தரையோடு நிற்கும்போதும் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகளை விட்டுவிடுங்கள். இயல்பான மூச்சைக் கவனிப்பதால் கூடுதல் புகை உள்ளே போகாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கும் கும்பகத்தை ஆசிரியர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

இதன் மறைமுகச் செலவைப் பெரும்பாலும் வீட்டிலுள்ளவர் கட்டுகிறார். ஒருவர் கண்ணை மூடினால் மற்ற மூன்று பேர் குசுகுசுவென்று பேச வேண்டியிருக்கிறது, பிள்ளையை அதட்ட வேண்டியிருக்கிறது. பத்து நாளில் முணுமுணுப்பு வரும். ஒரே அறை வீட்டில் இந்த முறையைத் தேர்ந்தால் மொட்டைமாடியோ, எல்லோரும் கிளம்பிய பிறகு காலை 9.30-க்குப் பிந்தைய நேரமோ தேடிக்கொள்வது நல்லது.

ஓர் எச்சரிக்கை. அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள், படபடப்பு நோய், மனச்சோர்வு, காதில் குரல் கேட்பது போன்றவற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் நீண்ட மௌனத்தில் தொடங்கக் கூடாது. மௌனம் அவர்களுக்குச் சில வேளை நிலைமையைக் கூட்டிவிடும். ஜபமோ பாராயணமோ 10 நிமிடம், அதுவும் மருத்துவருக்குச் சொல்லிவிட்டு. தியானம் தொடங்கியதால் மாத்திரையை நிறுத்துவது கூடவே கூடாது. ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் அருகில்தான். ராத்திரி யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் இலவச எண் 14416.

## பாராயணம்

வாய்விட்டுப் படிப்பது. சொந்தமாகச் சொல்ல வார்த்தை வராதவருக்கு இது வரம். துக்கத்தில் இருக்கும் வீட்டில், நோயாளிக்குப் பக்கத்தில், மனம் எதிலும் ஒட்டாத நாளில் ஜபமும் மூச்சும் கைவிட்டாலும் எழுத்து கைவிடாது. முதியவர்களுக்கும் நன்றாகப் பொருந்தும், பெரிய எழுத்துப் புத்தகம் மட்டும் வேண்டும்.

கந்த சஷ்டி கவசத்தை நிதானமாகப் படிக்க ஏறக்குறைய 20 நிமிடம். ஸ்பீக்கரில் ஓடவிட்டுக்கொண்டு சட்னி அரைப்பது கேட்பதாகும், படிப்பதாகாது. அதில் தவறில்லை, ஆனால் பயிற்சி என்று எண்ண வேண்டாம். பைபிள் வைத்திருப்பவர் அதிலுள்ள சங்கீதப் பாடல்களில் தொடங்கலாம். 150 சங்கீதம், நாளுக்கு ஒன்று என்றால் ஐந்து மாதம். 119-ஆம் சங்கீதம் மட்டும் 176 வசனம், அதைப் பல நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தொடர் அறுபடுவது அங்கேதான்.

குறை ஒன்றே. மனப்பாடமானதும் வாய் படிக்கும், மனம் மார்க்கெட்டுக்குப் போகும். வாரத்தில் ஒரு நாள் புத்தகத்தைப் பார்த்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தால் கட்டுக்குள் இருக்கும். கூடவே, 20 நிமிடம் இல்லாத நாளில் முழுவதையும் விட்டுவிடும் மனநிலையும் வரும். எங்கே நிறுத்தலாம் என்று முதலிலேயே ஓர் இடம் குறித்து வையுங்கள்.

விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் தீப தியானத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில் வாழ்ந்த காலத்தில் வள்ளலார் கண்ணாடியும் விளக்கும் வைத்துத் தியானித்தார், கண்ணாடியில் முருகனைக் கண்டார் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிந்த மரபு. கண் மட்டத்தில், கை நீட்டும் தூரத்தில் விளக்கு, விசிறி நிறுத்தம், 2 அல்லது 3 நிமிடம், பிறகு கண்ணை மூடி உள்ளே அதே ஒளி. மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு யாரும் இதைத் தொடர மாட்டார்கள். கண் அழுத்த நோய் உள்ளவரும் தவிர்க்க வேண்டும். மார்கழிக்கு ஏற்றது.

## வகுப்பும் மையமும்

தனியாகச் செய்து மூன்று முறை விட்டுவிட்டவருக்கு இது. கேள்வி கேட்க ஆளிருக்கும், வாரம் ஒரு முறை முகம் காட்ட வேண்டும் என்ற கூச்சமே பாதிப் பயிற்சியைக் காப்பாற்றும்.

வேதாத்திரி மகரிஷி வகுத்த மனவளக்கலையில் எளியமுறை உடற்பயிற்சி, ஆசிரியர் தரும் தீட்சை, ஆக்கினையில் (புருவ நடுவில்) தொடங்கும் தவம், காயகல்பம் எல்லாம் சேர்ந்து வரும். தமிழிலேயே நடப்பது பெரிய வசதி. உடம்பு அசைய வேண்டும் என்பவருக்கு இதுவே முதல் சிபாரிசு. ஆரம்பக் கட்டணம் சுமைதான் என்று சொல்ல முடியாது, ஆனால் அகத்தாய்வு, பிரம்மஞானம் என்று படிகள் நீளும். முதல் படியோடு நின்று மாதக்கணக்கில் தவம் செய்வதில் குற்றமில்லை என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். பிரம்மா குமாரிகளின் ஏழு நாள் பாடம் இலவசம், நாளுக்கு ஒரு மணி நேரம், கண் திறந்தபடி செய்யும் தியானம். உள்ளே போகப் போகச் சைவ உணவு, பிரம்மச்சரியம் வரை எதிர்பார்ப்பு உண்டு. மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் இது முதல் நாளே யோசிக்க வேண்டியது.

போக்குவரத்தையும் சேர்த்துப் பாருங்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த 2021-க்குப் பிறகு திருவொற்றியூரிலிருந்து வண்ணாரப்பேட்டை வருவது எளிதாகிவிட்டது. மணலி, மாதவரம் உள்பகுதியிலிருந்து மாலை 6 மணி வகுப்புக்கு ஷேர் ஆட்டோவில் வருவது அப்படியல்ல. ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்றால் மழைக்காலத்தில் நின்றுபோகும்.

செல்போன் செயலிகள் பற்றி ஒரே வரி: தியானத்துக்கென்று கையில் எடுத்த போனில் வாட்ஸ்அப்பும் இருக்கிறது.

## பத்து நாள் விபாசனா முகாம்

எஸ்.என். கோயங்கா பரப்பிய விபாசனா தியான மரபின் மையம் நகரின் தென்மேற்கே திருமுடிவாக்கத்தில் இருக்கிறது. உணவு, தங்குமிடம், பாடம் எதற்கும் கட்டணமில்லை, முடித்த பிறகு விரும்பினால் நன்கொடை. விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும், இரவு 9 வரை நாளுக்குப் பத்து மணி நேரம் போல உட்கார்வது. பேச்சில்லை, போனை ஒப்படைக்க வேண்டும். முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், நான்காம் நாள் உடம்பில் எழும் உணர்வுகளைக் கவனிக்கும் விபாசனா. புதியவருக்கு மாலையில் பழமும் டீயும்தான்.

இலவசம் என்பதில் மயங்க வேண்டாம். தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலை போய்ப் பதினோராம் நாள் காலை வெளியே வருவதால் நாட்காட்டியில் 12 நாள். தினக்கூலிக்கு அத்தனை நாள் கூலியும் போகும். கைக்குழந்தைக்காரிக்கு முடியாத காரியம். இன்னொரு நிபந்தனையைப் பலர் அங்கே போய்த்தான் அறிகிறார்கள்: முகாம் முடியும் வரை ஜபம், மாலை, பிரார்த்தனை, ஊதுபத்தி எதற்கும் இடமில்லை. பிரார்த்தனைக்காகவே பயிற்சி தொடங்குபவர் இதைத் தெரிந்து போக வேண்டும். திரும்பிய பின் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்வார்கள். ஒரே அறை வீட்டில் அது நடக்காது, நடக்காததால் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். வீட்டில் 20 நிமிடம் சில மாதங்கள் உட்கார்ந்தவருக்கு முகாம் பெரிய உதவி. முதல் அடியாக வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

## கோவிலில், தேவாலயத்தில் போய் உட்கார்வது

வீட்டில் இடமே இல்லை என்பவருக்கு ஊரே இடம் கொடுத்திருக்கிறது. கிழமை தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான். திருவொற்றியூர் தியாகராஜர் கோவிலின் வெளிப்பிரகாரம் வாரநாள் காலையில் அமைதியாக இருக்கும். பௌர்ணமியில் மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயல் மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் பார்க்கப் போகிறவர்கள் கூடுவார்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி அதே கோவிலின் மூலவர் ஆதிபுரீஸ்வரரின் கவசம் திறக்கும் மூன்று நாளும் உட்காரும் எண்ணமே வேண்டாம். பாரிமுனையில் வேலை பார்ப்பவருக்குத் தம்பு செட்டி தெருக் காளிகாம்பாள் கைக்கெட்டும் தூரம், வெள்ளிக்கிழமை தவிர. கந்தகோட்டத்தில் செவ்வாயும் கிருத்திகையும் தவிர்க்கலாம். அர்மேனியன் தெரு அந்தோணியார் கோவிலில் செவ்வாய் நெரியும், மற்ற நாளில் பின்வரிசை பெஞ்சு காலி. பெரம்பூர் லூர்து அன்னை ஆலயத்தில் பிப்ரவரித் திருவிழா நாள்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

கடற்கரையில் உட்காரலாமே என்பார்கள். காசிமேட்டிலிருந்து வடக்கே கடலரிப்புக்குக் கொட்டிய பாறைகள்தான் பெரும்பாலும். மெரினா போல மணல் விரிந்து கிடக்காது. திருவொற்றியூர் பட்டினத்தார் சமாதி அந்தப் பக்கத்தில் காற்றோடு உட்கார நல்ல இடம்.

செலவு சில்லறையாகப் போகும். பூ, அர்ச்சனைத் தட்டு, செருப்பு வைக்க, போக வர ஆட்டோ. நாளுக்கு 40 ரூபாய் என்றாலே மாதம் 1,200. தினமும் போவதானால் வெறுங்கையோடு போய்க் கும்பிட்டு உட்கார்ந்து வரும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பகலில் பல கோவில்கள் நடை சாத்தும், அதையும் கேட்டு வையுங்கள்.

## எப்போது மாற்றலாம்

எதைத் தேர்ந்தாலும் ஒரு மண்டலம், 48 நாள், முறையை மாற்ற வேண்டாம். ஷிப்ட் மாறுகிறவர் மணியோடு கட்டாமல் செயலோடு கட்டட்டும்: குளித்துத் தலை துவட்டியதும், அல்லது டூட்டி முடிந்து வந்து டீ குடிக்கும் முன். விட்டுப்போன நாளை மறுநாள் இரட்டிப்பாக்கி ஈடுகட்ட வேண்டாம், அந்தக் கடன் சேர்ந்தால்தான் பயிற்சியே நிற்கும்.

48 நாளில் பாதிக்கு மேல் விட்டுப்போயிருந்தால் முதலில் நேரத்தை மாற்றுங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் இடத்தை. முறையில் கை வைப்பது கடைசியாக. நன்றாகப் போகிறது என்றால் ஒரு தடவைக்கு 5 நிமிடம் மட்டும் கூட்டுங்கள், அடுத்த மண்டலம் வரை அதிலேயே இருங்கள்.

தொடங்கும் மாதத்தையும் பார்க்க வேண்டும். ஆடியில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூழ் வார்க்கும் அம்மன் கோவில்களின் ஒலிபெருக்கி விடியலிலேயே தொடங்கிவிடும். மௌனத்தில் உட்கார விரும்புபவர்கள் அந்த மாதம் ஜபத்தோடு நிறுத்திக்கொண்டு, மௌனத்தை ஆவணியில் சேர்க்கலாம்.